இரண்டு முற்றுகளுக்கு நடுவே

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன அனைவருக்கும் ஓர் ஆங்கில வாக்கியமாவது மனப்பாடம்: 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த ஸ்கூல் டுடே.' காய்ச்சல் வந்தாலும் சரி, மாமா கல்யாணம் வந்தாலும் சரி, விடுப்புக் கடிதம் இந்த அச்சில்தான் வார்க்கப்படும். இலக்கணப்படி பார்த்தால் இது பழுதில்லாத 'காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்'. அந்தப் பெயரைக் கேள்விப்படும் முன்பே குழந்தை அதை எழுதிவிடுகிறது. அதே குழந்தை வளர்ந்து பத்தாம் வகுப்புக்கு வந்ததும், இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்துச் சேர்த்து எழுதச் சொன்னால் விழிக்கிறது. பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும், மேலதிகாரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவதற்குள் கை நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஒன்றோடொன்றை எங்கே, எதனால் கட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

இதை மூளைக் குறைவு என்றும் ஆங்கில அறிவின்மை என்றும் சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளைக் கூச வைத்துவிட்டோம். உண்மையில் இது இடம் பற்றிய குழப்பம். வாக்கியங்களை இணைக்கும் கருவியைத் தமிழ் ஓரிடத்தில் வைக்கிறது, ஆங்கிலம் வேறோர் இடத்தில் வைக்கிறது. அந்த வேறுபாட்டைப் பொறுமையாகப் பார்த்துவிட்டால் பெரும்பாலான தவறுகளுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

முதலில் தமிழ். 'காலையில் எழுந்து, குளித்து, காப்பி குடித்துவிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன்.' ஐந்து செயல்கள். ஆனால் முடிந்த வினை ஒன்றே ஒன்றுதான்: போனேன். எழுந்து, குளித்து, குடித்துவிட்டு, பிடித்து என்ற நான்கும் வினையெச்சங்கள். யார் செய்தது என்பதை அவை தாமாகச் சொல்வதில்லை, கடைசியில் வரும் முற்றுக்காகக் காத்திருக்கின்றன. 'எச்சம்' என்ற பெயரே இந்தக் காத்திருப்பைக் குறிப்பதுதான். நன்னூல் வினையெச்சத்துக்கு 12 வாய்பாடுகள் சொல்கிறது. தொல்காப்பியத்தில் எச்சவியல் என்றே ஓர் இயல் உண்டு. வாக்கியத்தை இணைப்பது நம் இலக்கணிகள் எவ்வளவோ காலமாக யோசித்து வந்த விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு முற்றுவினைகளை 'உம்' போட்டுத் தமிழில் சேர்க்க முடியாது. 'அம்மாவும் அப்பாவும்' என்கிறோம், 'வந்தானும் போனானும்' என்று எவரும் சொல்வதில்லை. 'வந்துவிட்டுப் போனான்' என்று முதல் வினையை எச்சமாக்குகிறோம், இல்லாவிட்டால் 'வந்தான், போனான்' என்று சும்மா அடுக்குகிறோம். ஆங்கில 'அண்ட்' இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே சாதாரணமாக உட்கார்ந்துகொள்ளும். நம்மிடம் அந்த வேலைக்கு ஒரு தனிச்சொல் இருந்ததே இல்லை, தேவைப்படவும் இல்லை. இப்போது விளம்பரங்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் 'அவர் வந்தார் மற்றும் பேசினார்' என்று எழுதுகிறார்களே, அது ஆங்கில வாக்கியத்தின் எலும்பைத் தமிழ்த் தோலுக்குள் திணிப்பது. படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது.

இனி ஆங்கிலம். அந்த மொழி தன் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை முழு வினையோடுதான் கட்டுகிறது. ஒவ்வொரு வினைக்கும் தனக்கென்று ஓர் எழுவாய், தனக்கென்று ஒரு காலம். அப்படி எழுவாயும் முற்றுவினையும் கொண்ட ஒரு கூட்டம்தான் இங்கே நமக்கு அலகு. இரண்டு கூட்டங்கள் சரிசமமாக நின்றால் அது 'காம்பவுண்ட் சென்டென்ஸ்'. தமிழில் தொடர் வாக்கியம். ஒன்று தலைமையாகவும் மற்றது அதைச் சார்ந்தும் நின்றால் 'காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ்', கலவை வாக்கியம். சமமாக இணைக்க ஆங்கிலத்துக்கு ஏழு சொற்கள் போதும்: அண்ட், பட், ஆர், நார், ஃபார், ஸோ, யெட். சார்ந்து இணைப்பதற்கோ பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், வைல், அன்லெஸ், சின்ஸ் என்று நீண்ட வரிசை உண்டு.

இந்தச் சொற்கள் எங்கே நிற்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'மழை பெய்தாலும் அவன் வந்தான்' என்பதில் இணைப்பு எங்கே? 'பெய்தாலும்' என்ற சொல்லின் வாலில். 'பெய்தால்' என்றால் நிபந்தனை, 'பெய்ததால்' என்றால் காரணம், 'பெய்ததும்' என்றால் உடனடி, 'பெய்யும்போது' என்றால் சமகாலம். வினையின் கடைசி அசைகளில் உறவு முழுவதும் ஒளிந்திருக்கிறது. அந்த வால், முதல் செய்தி முடிந்து அடுத்த செய்தி தொடங்கும் சந்தில் சரியாக வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ இட் ரெயின்ட், ஹி கேம்' என்கிறோம். இணைப்பு வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. சந்தில் ஒரு காற்புள்ளியைத் தவிர ஒன்றுமில்லை.

தமிழ் பேசும் மனதுக்கு அந்தச் சந்து காலியாகத் தோன்றுகிறது. அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும் என்று கை பரபரக்கிறது. அதனால்தான் 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஹி கேம்' என்று எழுதுகிறோம். 'பிகாஸ் ஐ வாஸ் இல், ஸோ ஐ டிட் நாட் கம்' என்பதும் அதே நோய்தான். ஆசிரியர் சிவப்பு மையில் 'பட்'டை அடித்துவிடுவார், ஏன் என்று சொல்லமாட்டார். காரணம் எளியது. இரண்டு வாக்கியங்களுக்கு ஓர் இணைப்புச் சொல் போதும். 'ஆல்தோ' தலையில் வந்ததுமே முதல் வாக்கியம் சார்பு நிலைக்கு இறங்கிவிட்டது. 'பட்' என்பதோ இரண்டு சமமான வாக்கியங்களைக் கேட்கும் சொல். ஒரே வாக்கியத்தைச் சார்பாகவும் சமமாகவும் நிறுத்த முடியாது. மூன்று கூட்டங்கள் இருந்தால் இரண்டு இணைப்புகள், நான்கு இருந்தால் மூன்று. பெரும்பாலான எளிய வாக்கியங்களை இந்தக் கணக்கை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

'பிகாஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்ற விதியும் பல வகுப்பறைகளில் உலவுகிறது. அப்படி ஓர் இலக்கண விதி கிடையாது. 'ஏன் அவன் வரவில்லை?' என்ற வினாவுக்குப் பிள்ளைகள் 'பிகாஸ் இட் ரெயின்ட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். சார்பு வாக்கியம் தலைமை வாக்கியம் இல்லாமல் அநாதையாக நிற்கிறது. அதைத் தடுக்க யாரோ சொன்ன அறிவுரை நாளடைவில் விதியாகிவிட்டது. தலைமை வாக்கியம் பின்னால் வருமானால் 'பிகாஸ்' தாராளமாக முன்னால் வரலாம்.

அடுத்தது பெயரெச்சம். இங்கேதான் தமிழின் சிக்கனம் ஆங்கிலம் கற்பவரை அதிகம் திணறடிக்கிறது. 'பேனா வாங்கிய பையன்', 'பையன் வாங்கிய பேனா', 'பேனா வாங்கிய கடை', 'பேனா வாங்கிய நாள்', 'பேனா வாங்கிய பணம்'. எல்லாவற்றுக்கும் 'வாங்கிய' என்ற ஒரே வடிவம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. எந்த உறவு என்பதைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் அந்தச் சுமையைக் கேட்பவர் மேல் ஏற்றுவதில்லை. பையன் என்றால் 'ஹூ', பேனா என்றால் 'விச்' அல்லது 'தட்', கடை என்றால் 'வேர்', நாள் என்றால் 'வென்', பணம் என்றால் 'வித் விச்' என்று உறவை வெளிப்படையாக வேண்டுகிறது. அதோடு வரிசையையும் புரட்டிப் போடுகிறது. தமிழில் அடைமொழி முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் 'த ஷாப் வேர் ஹி பாட் த பென்' என்று பெயர் முன்னால் வந்து, விளக்கம் பின்னால் தொடர்கிறது. தமிழ் வாக்கியத்தை இடமிருந்து வலமாக அப்படியே மாற்ற முயல்பவர் முதல் சொல்லிலேயே சிக்கிக்கொள்வார். பெயரை முதலில் பிடித்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, அது ஆளா, பொருளா, இடமா, நேரமா என்று கேட்டு, அதற்குரிய சொல்லைப் போட்டுப் பிறகு மற்றதை எழுதினால் சிக்கல் விலகும்.

இந்த 'ஹூ', 'விச்' வாக்கியங்களில் காற்புள்ளிக்கு இருக்கும் அதிகாரம் பலருக்கும் தெரியாது. 'என் மதுரைத் தம்பி டாக்டர்' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், எனக்கு வேறு சகோதரர்களும் உண்டு, அவர்களில் மதுரைக்காரரைச் சொல்கிறேன் என்று பொருள். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்' என்று இருபுறமும் காற்புள்ளி வைத்தால், எனக்கு ஒரே சகோதரர், அவர் மதுரையில் இருப்பது கூடுதல் தகவல். ஓர் உயிலில் 'சென்னையில் வசிக்கும் என் மகன்களுக்கு வீடு' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் காற்புள்ளி இல்லையென்றால் சென்னையில் இருக்கும் மகன்களுக்கு மட்டும் வீடு. காற்புள்ளி இருந்தால் எல்லா மகன்களுக்கும் வீடு, அவர்கள் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள் என்று ஆகிவிடும். தமிழில் இந்த வேறுபாட்டைப் பெயரெச்சம் காட்டாது. வேறு சொற்களைச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் உயிலோ ஒப்பந்தமோ எழுதுபவர்கள் இந்த ஓர் இடத்திலாவது நின்று நிதானிக்க வேண்டும்.

காற்புள்ளி பற்றிப் பேசும்போது இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். 'த பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் த மீட்டிங்.' தமிழில் 'பஸ் தாமதம், கூட்டத்துக்குப் போக முடியவில்லை' என்று எழுதினால் எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் முறையான எழுத்தில் இது பிழை. இரண்டு முழு வாக்கியங்களைத் தனியாகத் தாங்கும் வலு அங்கே காற்புள்ளிக்கு இல்லை. நடுவே முற்றுப்புள்ளி வைக்கலாம். காற்புள்ளியோடு 'ஸோ' சேர்க்கலாம். முதல் வாக்கியத்தைப் 'பிகாஸ்' போட்டுச் சார்பாக்கலாம். அல்லது அரைப்புள்ளி வைக்கலாம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகத்தார் புழக்கத்துக்குக் கொண்டுவந்த குறி இந்த அரைப்புள்ளி. காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இடைப்பட்ட ஒரு நிறுத்தம் தேவை என்று அன்றே உணர்ந்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம்.

'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' என்ற சொற்களை நம்பி ஏமாறுபவர்களும் நிறைய. பொருளில் இவை 'பட்', 'ஸோ' போலவே தெரிகின்றன. ஆனால் இலக்கணத்தில் இவை வினையடைகள், இரண்டு வாக்கியங்களைக் கட்டும் சக்தி இவற்றுக்கு இல்லை. 'ஹவ்எவர்' என்ற சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ வைத்தாலும் வாக்கியம் நிற்கும். 'பட்' என்பதை அப்படி நகர்த்திப் பாருங்கள், உடைந்துவிடும். நகராமல் நிற்பதுதான் இணைப்புச் சொல். நகர்வது எதுவோ, அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

ஆங்கிலத்தில் எச்சமே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் வர்க், ஹி வென்ட் ஹோம்' என்பது ஏறத்தாழ 'வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்' என்பதேதான். முடித்தவனும் போனவனும் ஒருவனே. அந்த நிபந்தனை தவறினால் விபரீதம். 'தெருவில் நடந்து போகும்போது நாய் கடித்துவிட்டது' என்ற நல்ல தமிழை 'வாக்கிங் அலாங் த ஸ்ட்ரீட், எ டாக் பிட் மீ' என்று எழுதினால், நடந்து போனது நாய் என்று ஆகிவிடுகிறது. தமிழிலும் இந்த நுட்பம் உண்டு. 'செய்து' வாய்பாட்டு எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் இலக்கணத்தின் பொது விதி. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதில் பெய்தது மழை, விளைந்தது நெல். அதனால் அந்தப் 'பெய்து' என்பதைப் 'பெய்ய' என்ற பொருளில் வந்த எச்சத்திரிபு என்று விளக்குவார்கள். தமிழ் வகுப்பில் இதைப் படித்த மாணவருக்கு, ஆங்கில வகுப்பில் அந்த நாய் வாக்கியம் ஏன் தவறு என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். யாராவது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

'என்று' பற்றியும் ஒரு வார்த்தை. 'நான் வருவேன் என்று அவன் சொன்னான்' என்பதில் 'நான்' அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்று ஆளும் காலமும் மாறும், 'தட்' முன்னால் போகும். இது தனியாக விரிவாகப் பேச வேண்டிய பாடம்.

இப்போது தேர்வுக்கு வருவோம். நம் பிள்ளைகள் இந்தப் பகுதியை ஓர் அட்டவணையாகப் படிக்கிறார்கள். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'ஆல்தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ், 'பட்' வந்தால் காம்பவுண்ட். 'டூ... டு' என்றால் 'ஸோ... தட்... நாட்'. 'வித்அவுட்' என்றால் 'அன்லெஸ்', பிறகு 'ஆர்'. 1930-களிலிருந்து இந்திய வகுப்பறைகளை ஆண்டுவரும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் பயிற்சிகளும் இந்தப் பாதையில்தான் போகின்றன. அட்டவணை மதிப்பெண் வாங்கித் தரும், மறுக்கவில்லை. ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட்டுக்கொள்ளக்கூடியவை என்ற தவறான எண்ணத்தையும் அது ஊன்றிவிடுகிறது. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

ஒருவருடைய வேலையைப் பற்றி நீங்கள் கருத்து எழுத வேண்டும். மெதுவாகச் செய்வார், கவனமாகச் செய்வார். இரண்டும் உண்மை. 'ஹி இஸ் ஸ்லோ, பட் ஹி இஸ் கேர்ஃபுல்' என்றால் இரண்டையும் எதிரெதிராக வைத்து, கடைசியாகச் சொன்னதன் பக்கம் சற்றுச் சாய்கிறீர்கள். 'ஆல்தோ ஹி இஸ் ஸ்லோ, ஹி இஸ் கேர்ஃபுல்' என்றால் வேகக் குறைவை ஒப்புக்கொண்டு ஒதுக்கிவிட்டுக் கவனத்தைத் தலைமையில் உட்கார வைக்கிறீர்கள். 'ஆல்தோ ஹி இஸ் கேர்ஃபுல், ஹி இஸ் ஸ்லோ' என்று எழுதினால் அதே இரண்டு உண்மைகளால் அந்த மனிதருடைய பதவி உயர்வு நின்றுபோகலாம். தமிழிலும் இதே கதைதான். 'மெதுவாகச் செய்தாலும் கவனமாகச் செய்வார்' என்பதையும் 'கவனமாகச் செய்தாலும் மெதுவாகச் செய்வார்' என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதைத் தலைமை வாக்கியமாக்குகிறோமோ அதுதான் நம் தீர்ப்பு. எதைச் சார்பாக்குகிறோமோ அது பின்னணி. வாக்கியங்களை இணைக்கக் கற்றுக்கொள்வதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. காற்புள்ளியும் இணைப்புச் சொல்லும் அதற்கான கருவிகள்.

இணைக்கத் தெரிந்தவுடன் எல்லாவற்றையும் இணைக்கும் ஆசையும் வரும். அரசு அலுவலகக் கடிதங்களில் 'வித் ரெஃபரன்ஸ் டு' என்று தொடங்கி, ஏழெட்டு வரி தாண்டியும் முற்றுப்புள்ளிக்கு வராத வாக்கியங்களைப் பார்த்திருப்பீர்கள். படிப்பவர் பாதியில் எழுவாயைத் தொலைத்துவிடுகிறார். நீளம் புலமைக்கு அடையாளம் கிடையாது. இரண்டு செய்திகளுக்கு நடுவே காரணமோ, முரணோ, நிபந்தனையோ உண்மையில் இருந்தால் மட்டும் இணையுங்கள். இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதே நாகரிகம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் பெரும்பாலும் 'அண்ட்' என்ற ஒரே சொல்லால் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போவது. அதன் உரைநடை இன்றுவரை ஆங்கிலத்தில் மதிக்கப்படுகிறது. எளிய இணைப்பு தாழ்ந்தது என்ற எண்ணம் வேண்டாம்.

நம் பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் ஒரே விஷயத்தைத்தான் நடத்துகிறார்கள். ஒருவர் எச்சம், முற்று என்கிறார், மற்றவர் சப்ஆர்டினேட், மெயின் என்கிறார். மாணவர் மனதில் இவை இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆண்டுக்கு ஓரிரு பாடவேளைகளாவது இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து நின்று, கரும்பலகையில் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதி, அதன் எச்சங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஆங்கிலத்தில் எழுவாயும் காலமும் கொடுத்து நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்குப் புதிய பாடநூலோ தனி நிதியோ தேவையில்லை, தலைமையாசிரியரின் அனுமதி போதும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.